112 ஓட்டைகள்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கடந்து போன பிறகும் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் தெரு முழுக்க மரச்சாமான்கள். சோபா, டிவி ஸ்டாண்டு, பிள்ளைகள் படிக்கும் மேசை, செருப்பு அலமாரி என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு குவியல். பாதிக்கு மேல் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்கிற அந்தப் பலகை தண்ணீரைக் குடித்தால் ரொட்டி மாதிரி உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேலே ஒட்டிய மைக்கா உரிந்து, கால் பக்கம் கையால் கிள்ளினாலே உதிர்ந்தது. எங்கள் வீட்டுத் துணி அலமாரியும் அந்தக் குவியலில்தான் இருந்தது. வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

மூன்று வீடு தள்ளி ஒரு குவியலின் உச்சியில், நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, ஒரு நாற்காலி கிடந்தது. தேக்கு நாற்காலி. கை வைக்கும் சட்டம் கிடையாது. முதுகுப் பின்னல் முழுசாக இருந்தது. உட்காரும் இடத்துப் பிரம்புப் பின்னல் மட்டும் நடுவில் கிழிந்து தொங்கியது. ஒரு கால் ஆடியது. நாலு நாள் வெள்ளத்தில் நின்றதற்கு, முழங்கால் உயரத்தில் ஒரு சேற்றுக்கோட்டைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

"பாட்டி, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கோம்மா. அவர் இருந்தவரைக்கும் அதுல உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். பின்னல் கிழிஞ்சதும் மேல ஒரு பலகையைப் போட்டு வெச்சிருந்தோம். இப்ப பலகையும் வெள்ளத்தோட போயிடுச்சு."

பாட்டி சொன்னதை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலைமுறை உட்கார்ந்து எழுந்த தேக்குச் சட்டம் அது. அதைத் தெருவுக்கு அனுப்பியது, ஏறக்குறைய ஒரு தீக்குச்சி அகலமே உள்ள பிரம்புப் பட்டை. வீணான சாமான் என்று நாம் தூக்கிப் போடுகிறவற்றில் பெரும்பாலும் இதுதான் கதை. கட்டிலில் நாடா தொய்ந்திருக்கும், பீரோவில் ஒரு கீல் கழன்றிருக்கும், ஸ்டூலில் மேல்பலகை பிளந்திருக்கும். தேய்வதற்கென்றே வைத்த உறுப்பு தேய்ந்ததும், தேயாத உடம்பையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

வீட்டுக்குள் கொண்டுவர அத்தை சம்மதிக்கவில்லை. "சாக்கடைத் தண்ணி கலந்த வெள்ளம். முதல்ல வெளிய வெச்சுக் கழுவு" என்றார். சரிதான். சோப்புத் தண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூட்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். வெயிலில் வைக்கப் போனபோது அத்தையே தடுத்தார். அவருடைய அப்பா மர வியாபாரம் பார்த்தவர். ஊறிய மரத்தை வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அந்த இழுபறியில் மரம் வெடிக்கும். நிழலில், காற்றோட்டமாக, காலுக்கு அடியில் செங்கல் வைத்து மூன்று வாரம் காய விட்டோம்.

வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போனதைச் சரிபண்ண ஒரு ஆசாரி வந்தார். வேலை முடிந்ததும் நாற்காலியைக் காட்டினேன். தலைகீழாகப் புரட்டிப் பார்த்து, ஆடிய காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசைத்தார். கால் அப்படியே கையோடு வந்துவிட்டது. எனக்குப் பக்கென்றது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"கழுந்து எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்கம்மா. மரத்துக்கு ஒண்ணுமே ஆகலை. வச்சிரம்தான் கரைஞ்சு போச்சு."

கழுந்து என்றால் ஒரு சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, அடுத்த சட்டத்தின் துளைக்குள் இறக்குவது. வச்சிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி வெந்நீர் பட்டாலோ, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினாலோ மறுபடி இளகும். அந்தக் காலத்து நாற்காலிகளெல்லாம் அதில்தான் ஒட்டினவை. நாலு நாள் வெள்ளம் இந்த நாற்காலிக்குச் செய்த கெடுதல் முழுவதும் இவ்வளவுதான்: ஒரு மூட்டுப் பசையை இளக்கிவிட்டது. அதே வெள்ளம் எங்கள் அலமாரியை உமி மூட்டையாக்கியது.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. பழைய சாமானின் பெருமையாக நாம் சொல்வது அதன் உறுதியை. நான் இப்போது அதைவிடப் பெரிதாக நினைப்பது, அது பிரியும் என்பதை. பசை வெந்நீரில் பிரியும். பாலிஷ் ஸ்பிரிட்டில் கரையும். பின்னலை வெட்டி எடுத்தால் வெறும் ஓட்டைகள் மிஞ்சும், அதில் புதிதாகப் பின்னலாம். செய்தவருக்கு அது ஒரு நாள் ஆடும், கிழியும், மங்கும் என்று தெரிந்திருக்கிறது. அடுத்து வருகிற ஒருவர் கையில் எடுத்துச் சரிசெய்ய வழி வைத்தே செய்திருக்கிறார். பார்ட்டிகிள் போர்டில் அந்த வழி இல்லை. ஒரு திருகாணியைக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி முடுக்கினாலே பிடிப்பு போய்விடுகிறது.

கால் ஒட்டும் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைக் கழுந்தின் மேல் சுற்றி வைத்து, இளகிய பழைய பசையைச் சுரண்டி எடுத்தேன். இது முக்கியம். பழைய பசையின் மேல் ஃபெவிகால் பூசினால் அது மரத்துக்குள் இறங்காது, ஆறு மாதத்தில் மறுபடி ஆடும். மரம் தெரியச் சுரண்டிக் காய்ந்ததும் ஃபெவிகாலைத் துளைக்குள்ளும் கழுந்திலும் மெல்லிசாகப் பூசி இறக்கினேன். பிடித்து வைக்க கிளாம்ப் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆசாரி சொன்னது கயிறு. நான்கு கால்களையும் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் மூட்டு நெருங்கி வரும். குச்சியை ஒரு சட்டத்தில் முட்டுக் கொடுத்து ஒரு நாள் அப்படியே விட்டோம். பிதுங்கிய பசையை மட்டும் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். (ஆசாரிக்கு வச்சிரம் போட்டு ஒட்டத்தான் ஆசை. இப்போது அதைக் காய்ச்ச எங்கே போவது என்று விட்டுவிட்டார். எனக்கும் அதில் வருத்தம்தான்.)

அடுத்தது பாலிஷ். இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் தெரிந்தவர்கள் வீடு காலி செய்தபோது ஒரு சின்ன மேசை கிடைத்தது. தேக்கு என்று நினைத்து, வாடகைக்கு எடுத்த உப்புத்தாள் மெஷினில் 60 நம்பர் தாளை, அதாவது முரட்டுத் தாளைப் போட்டுத் தேய்த்தேன். பத்தே விநாடியில் ஒரு மூலையில் வேறு நிறம் எட்டிப் பார்த்தது. ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய தேக்குத் தோல் அது, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் பிறகு எதையும் தேய்க்கும் முன்னால் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். மேல்பக்கத்து ரேகை ஓரத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால், அல்லது ரேகை சட்டென்று அறுந்துபோனால், மேலே இருப்பது தோல். அதைக் கையால், 180 நம்பருக்குக் குறையாத நயமான தாளால், ரேகை போகிற திசையிலேயே லேசாகத் தடவினால் போதும்.

பழைய பெயின்ட் அடித்த சாமான் என்றால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்தபடி தேய்த்துத் தூளைப் பறக்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் இருக்கிறது, அதில் தேய்த்து, வழிகிற சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தச் சாமானைத் தேய்க்காமல் விடுவதே நல்லது.

நாற்காலிக்கு வருகிறேன். யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில், அடிச்சட்டத்தின் உள்பக்கம், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிஷம் வைத்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது. அப்படியானால் அது அரக்குப் பாலிஷ். பிசுபிசுக்காமல் இருந்தால் வார்னிஷ். அரக்கு என்றால் வேலை பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். முழுசாக உரிக்க வேண்டியதே இல்லை. அரக்கு நமக்குப் பழக்கமான பொருள்தான். ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தை மரக் கிளைகளில் மொய்க்கிற ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. பத்திரத்தில் முத்திரை வைத்ததும் அதில்தான், வளையல் செய்ததும் அதில்தான்.

100 கிராம் அரக்குச் செதிலை அரை லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தால் காலையில் கரைந்து தேன் நிறத்தில் இருக்கும். துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஸ்பிரிட் விஷம், சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பூசுவதற்கு பிரஷ் வேண்டாம். ஒரு உருண்டைப் பஞ்சை, பல முறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டி, அதில் தொட்டுத் தடவுவது. ஒரு தடவை தடவியதும் அதே இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. எட்டுப் பூச்சில் நாற்காலியின் முதுகுச் சட்டம் சாயங்கால வெயிலில் வைத்த கருப்பட்டிப் பாகு மாதிரி ஆனது. மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெளிறிப் புகை படிந்தது போலாகும். நான் தை கடைசி வரை காத்திருந்தேன்.

சிலர் ஆளி விதை எண்ணெய் தடவுவார்கள். அதுவும் அழகுதான். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காய வைத்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் முடிந்து, பளபளவென்று நின்ற நாற்காலியின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை.

பிரம்பு மூங்கில் மாதிரி தெரிந்தாலும் அது பனைக் குடும்பத்துக் கொடி. மூங்கில் உள்ளே வெறுமையாக இருக்கும், பிரம்பு கெட்டி. முட்களால் மரங்களைப் பிடித்துக்கொண்டு காட்டு உச்சி வரைக்கும் ஏறும். அதன் பளபளப்பான மேல்தோலை நீளநீளமாக உரித்து எடுக்கும் பட்டைதான் நாற்காலிப் பின்னல். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கப்பல்களில் பிரம்பு இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் அங்கே பின்னல் நாற்காலிகள் பரவின. வியன்னாவின் மைக்கேல் தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியை ஓட்டல்களில் பார்த்திருப்பீர்கள், ஆவியில் வளைத்த மரம், வட்டமான பின்னல் இருக்கை. ஆறு மரத் துண்டுகள், பத்து திருகாணி, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். ஐரோப்பியர்களுக்கு அது பாணி. நமக்கு அது காற்று. சித்திரை மாதத்தில் ரெக்சின் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தக் காலத்துக் கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் நாற்காலியெல்லாம் ஏன் பின்னலாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பின்னத் தெரிந்தவரைத் தேடி ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் அரக்கு வாங்கிய ஹார்டுவேர் கடைக்காரர்தான் வழி சொன்னார். நங்கநல்லூரில், அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் நாற்காலி பின்னி ஓய்வுபெற்ற ஒரு ஐயா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பார்வையற்றோருக்கான பள்ளிகளில் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்த தொழில் நாற்காலி பின்னுவது. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் அதற்கென்றே வேலை இருந்தது. பின்னல் நாற்காலி போய் பிளாஸ்டிக்கும் சுழல் நாற்காலியும் வந்ததும் அந்த வேலையும் சுருங்கிவிட்டது.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஓட்டைம்மா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் கையிலேயே வைத்துத் தேய்த்திருக்கிறேன், ஓட்டைகளை எண்ணத் தோன்றவில்லை. அவர் நாற்காலியை மடிமேல் சாய்த்து, ஆள்காட்டி விரலை ஓட்டை ஓட்டையாக நகர்த்தினார். "முன்னால 31. பின்னால 27. பக்கத்துக்கு 27, 27. ஆக 112. ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம். நல்லா அளந்து போட்டிருக்கான்." பிறகு விரல் முன்சட்டத்தின் உள்விளிம்பில் நின்றது. "இங்க பாருங்க, கத்தி மாதிரி இருக்கு. பின்னல் இங்கதான் முதல்ல அறுந்திருக்கும். உப்புத்தாள் போட்டு இந்த முனையை உருட்டுங்க." கண்ணால் பார்த்த எனக்கு நடுவில் இருந்த கிழிசல்தான் தெரிந்தது.

அவரே பின்னித் தருவதாகச் சொல்வார் என்று நினைத்தேன். "எனக்கு இப்ப விரல்ல பலம் இல்லம்மா. சொல்லித் தர்றேன், நீங்க பின்னுங்க" என்றார். ஒரு இருக்கைக்கு ஏறக்குறைய 75 மீட்டர் பட்டை வேண்டும். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி சீர்காழி போகிற சாலையில் தைக்கால் என்று ஒரு ஊர், சாலையோரம் பிரம்பு ஊஞ்சலும் நாற்காலியும் வரிசையாகத் தொங்கும். சொந்த ஊருக்குப் போகும் வழியில் இறங்கி வாங்கி வந்தேன். அப்புறம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்.

பட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஊறாமல் வளைத்தால் ஒடியும், ராத்திரி முழுக்க ஊறினால் கறுக்கும். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே. பின்சட்டத்தின் நடு ஓட்டை, அதாவது 14ஆவது. முன்சட்டத்தின் நடு ஓட்டை, 16ஆவது. இரண்டையும் இணைத்து முதல் இழை. அங்கிருந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் வரிசை நகரும். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல் என்பதால் கடைசியில் இரண்டு ஓரத்திலும் சில இழைகள் பின்சட்டம் வரை போகாது. அவற்றைப் பக்கச் சட்டத்து ஓட்டையில் முடிக்க வேண்டும், இழைகள் ஒன்றுக்கொன்று இணையாகவே போகிற மாதிரி ஓட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே நான் மூன்று தடவை பிரித்தேன். இழை நழுவாமல் இருக்க ஓட்டையில் ஒரு முளைக்குச்சி. அவர் வீட்டு வாசலில் இருந்த வேப்பமரக் குச்சியைச் சீவி இருபது முளை செய்து வைத்திருந்தார்.

இரண்டாவது அடுக்கு குறுக்கே, முதல் அடுக்கின் மேல் சும்மா படியும். மூன்றாவது மறுபடி நெடுக்கே, அதே ஓட்டைகளில், ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி. இதுவரை பின்னல் எதுவும் இல்லை, அடுக்குவதுதான். நான் உற்சாகத்தில் இழுத்து இழுத்துக் கட்டியிருந்தேன். ஐயா ஒரு இழையை விரலால் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினார். "இப்பவே இவ்ளோ இறுக்கினா நாலாவதுக்கு எங்கம்மா இடம் இருக்கும்? முதல் மூணும் கொஞ்சம் தளர்வா இருக்கணும். கடைசில அதுவே இறுகும்." எல்லாவற்றையும் அவிழ்த்தேன். அவிழ்த்த பட்டையை மறுபடி ஊற வைத்தால் மறுபடி வளைகிறது.

நாலாவது அடுக்கில்தான் நெசவு தொடங்குகிறது. குறுக்கிழை, நெடுக்கு ஜோடியில் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். அது முடிந்ததும் சின்னச் சின்னச் சதுரங்கள் நிற்கும். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவிட்டம், இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. ஒன்று நெடுக்கு ஜோடிக்கு அடியிலும் குறுக்கு ஜோடிக்கு மேலும் போனால், அடுத்தது அதற்கு நேர் எதிர். பார்த்துப் பார்த்துப் போட்டு எனக்குத் தலை சுற்றியது. அவர் கண்ணை மூடச் சொன்னார். "சரியா போனா வழுக்கிட்டுப் போகும். தப்பா போனா உரசும். கை சொல்லும்." உண்மைதான். சரியான வழியில் போகிற பட்டை, இரண்டு இழைகளுக்கு நடுவில் புகுந்து சறுக்குகிறது. தவறினால் எங்கோ ஒரு விளிம்பில் கர்ரென்று மாட்டுகிறது. அதன் பிறகு பாதி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் பின்னினேன். ஆறாவது அடுக்கு முடிய முடிய, சதுரங்கள் ஒவ்வொன்றாக எண்கோணமாக மாறுவதை என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது, ஓட்டைகளை மூடும் அகலப் பட்டை. அதை மெல்லிய இழையால் ஓட்டைக்கு ஓட்டை கட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். அடியில் நுனிகளைப் பக்கத்து இழையில் முடிந்து வெட்டிவிட்டால் முடிந்தது.

இடையில் பட்டை தீர்ந்து இரண்டு வாரம் சும்மா இருந்தபோது, மேல்பலகை போன ஒரு ஸ்டூலை எடுத்தேன். அதற்குப் பிரம்பு தேவைப்படவில்லை. அம்மாவின் நைந்த சுங்குடிச் சேலை இரண்டை நீளவாக்கில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று மூன்றாகச் சடை போட்டு, ஸ்டூல் சட்டத்தின் மேல் நெடுக்கே சுற்றி, குறுக்கே ஒன்று விட்டு ஒன்று கோத்தேன். கட்டிலுக்கு நாடா போடுகிற அதே முறை. மிச்சச் சடையைப் பிரிமணை மாதிரி சுருட்டி, சுற்றுக்குச் சுற்று தைத்து, மேலே மெத்தையாக வைத்தாயிற்று. ஊரில் இருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய், பையிலிருந்து ஒரு வயர் கட்டை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னாத வீடு எங்கள் ஊரில் இல்லை. சிவன் கண், நெல்லிக்காய் என்று அவளுக்கு எல்லாப் பின்னலும் தெரியும். ஒரு மத்தியானத்தில், பால்கனியில் கிடந்த இரும்பு நாற்காலிச் சட்டத்துக்குப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு இருக்கை வந்துவிட்டது. மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. நம் ஊரில் கூடை பின்னுகிற கைகள் எத்தனை ஆயிரம் இருக்கும்! அத்தனையும் நாற்காலி பின்னத் தெரிந்த கைகள்தான், அந்தக் கைகளிடம் யாரும் நாற்காலியைக் கொடுத்துப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. உப்பிய பார்ட்டிகிள் போர்டைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து நேரத்தைக் கொட்டாதீர்கள். அதிலிருந்து கைப்பிடி, கீல், கண்ணாடி, டிராயர் ஓட்டத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பலகையை விட்டுவிடுங்கள். ஆனால் போகியில் போட்டு எரிக்காதீர்கள், அதில் இருக்கிற பசையும் மைக்காவும் எரிந்தால் வருகிற புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும். ஊசி ஊசியாக ஓட்டை விழுந்து மாவு கொட்டுகிற மரத்தையும் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. உள்ளே வண்டு உயிரோடு இருந்தால் நல்ல சாமானுக்கும் பரவும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், பர்மா தேக்குச் சட்டம் எல்லாம் அங்கே சாய்த்து வைத்திருக்கும். மியான்மர் 2014இல் உருட்டுமரமாகத் தேக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது, இனி அப்படி மரம் வரப்போவதில்லை. அந்தக் கதவை அறுத்து டீ மேசையும், தூணை அறுத்து விளக்குத் தண்டும் செய்வதைப் புது வாழ்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிந்தவரை நாற்காலி நாற்காலியாகவே இருக்கட்டும், பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும். மெஷின் போன பிறகு மிஞ்சுகிற இரும்புத் தையல் மிஷின் காலுக்கு மேல் ஒரு பலகை வைத்து மேசையாக்குவது வேறு. அதற்குத் திரும்பிப் போக இடம் இல்லை.

ஒருவழியாகப் பின்னல் முடிந்தது. ஒரு வாரம் நிழலில் காய்ந்ததும் பட்டை சுருங்கி இறுகியது. மாதத்துக்கு ஒரு முறை அடிப்பக்கம் ஈரத்துணியால் துடைத்தால் போதும், தொய்ந்தாலும் அடியில் நனைத்துக் காய விட்டால் மறுபடி இழுத்துக்கொள்ளும் என்றார் ஐயா. ஆட்டோவில் ஏற்றி அவரிடமே கொண்டுபோனேன். என் பெண்ணும் வந்தாள். உள்ளங்கையால் இருக்கையின் நடுவில் தட்டினார். மத்தளம் மாதிரி ஒலித்தது. பிறகு விரல்களை விரித்து, முன்னிருந்து பின்னாக, மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். பின்பக்க இடது மூலைக்குப் பக்கத்தில் கை நின்றது.

"இங்க ஒண்ணு மேல போகணும்மா. கீழ போயிருக்கு."

குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். ஒரு மூலைவிட்ட இழை, ஒரே ஒரு இடத்தில், தவறான பக்கம் புகுந்திருந்தது.

"பிரிச்சுப் போட்டுடட்டுமா ஐயா?"

கொஞ்சம் யோசித்தார். "இதைப் பிரிக்கணும்னா ஆறாவது முழுசும் பிரிக்கணும். இருக்கட்டும். தாங்கும்" என்றார். என் பெண்ணைக் கூப்பிட்டு அவளுடைய விரலையும் அங்கே வைத்துக் காட்டினார்.

இப்போது அது அவளுடைய படிக்கும் நாற்காலி. வீட்டுப்பாடத்தில் சிக்கிக்கொண்டால் அவளுடைய இடது கை தானாக இருக்கைக்குப் பின்னால் போய், அந்த மூலையில் அந்த ஒரு இழையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.